சீரகத்துக்கும் கணக்கா?

உணவுக் கணக்கு எழுதும் பழக்கம் இன்று நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. சர்க்கரை நோய்க்காக மருத்துவர் “நாளுக்கு 1500 கலோரி” என்று எழுதிக் கொடுத்த சீட்டைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் தாய்மார் உண்டு. காலைக் காபி முதல் இரவுப் பால் வரை உண்டதையெல்லாம் கைப்பேசியில் பதிந்துகொள்ளும் அக்காமார் உண்டு. நம் தோழியரிலும் சிலர் இதில் இறங்கியிருக்கின்றனர். இவர்கள் எல்லாரும் ஒரு நாள் வந்து தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. இட்லியை எழுதியாயிற்று, சாம்பாரையும் எழுதியாயிற்று. சாம்பாரில் போட்ட மல்லித்தூளை, மிளகாய்த்தூளை, தாளித்த கடுகை எழுதுவதா, விடுவதா? மனையியல் பயிலும் நம்மிடம் இக்கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர் முகத்தில் சிலவேளை உண்மையான கவலை தெரிவதால், சிரித்து ஒதுக்கிவிடாமல் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் கலோரி என்பது என்ன? ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்ப அளவையே உணவு நூல்கள் ஒரு கலோரி என்கின்றன. பௌதிகப் பாடத்தில் வரும் சிறு கலோரியைப் போல் இது ஆயிரம் மடங்கு. உணவுக்கு இந்த அளவுகோலைப் பொருத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர். 1890-களில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், ஓர் ஆள் உள்ளே தங்கி உண்டு உறங்கக்கூடிய அறை ஒன்றை அமைத்து, அவர் உடலிலிருந்து வெளிப்படும் வெப்பத்தை அவரும் அவருடைய துணைவர்களும் அளந்தனர். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 என்று நாம் மனப்பாடம் செய்யும் கணக்கு அவருடைய ஆய்வுகளிலிருந்து வந்ததே.

நம் நாட்டு உணவுகளுக்கு அட்டவணை போட்ட கதைக்கும் நம் மலைநாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1918-இல் நீலகிரியிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடமே பிற்காலத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. 1958-இல் அது ஐதராபாத்துக்குச் சென்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடைய துணைவர்களும் 1971-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து மதிப்பு நூல், மனையியல் மாணவியர் பல தலைமுறையாகப் புரட்டிய நூல். 2017-இல் அந்நிறுவனம் புதிய அட்டவணைகளை வெளியிட்டது.

இத்தகைய அட்டவணை ஒன்றைப் புரட்டும்போதுதான் நம்மில் பலர் திடுக்கிடுகிறோம். நூறு கிராம் கொத்தமல்லி விதையில் ஏறக்குறைய 300 கலோரி! சீரகத்தில் 375! கடுகில் 500-க்கும் மேல்! நூறு கிராம் வடித்த சோற்றிலோ 130-தான். அப்படியானால் மல்லி சோற்றைவிட இரு மடங்கு கொழுக்க வைக்குமா? ஒரு தோழி உண்மையாகவே இப்படிக் கணக்கிட்டு, சாம்பாரை விட்டு வெறும் சோற்றில் மோர் ஊற்றி உண்ணத் தொடங்கினாள்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மல்லியும் சீரகமும் காய்ந்த பொருட்கள். அவற்றில் நீர் மிகக் குறைவு. வடித்த சோற்றிலோ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். உலர்ந்த அரிசியோடு ஒப்பிட்டால் வேறுபாடு மறைந்துவிடும். நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. மற்றொன்று, நூறு கிராம் என்னும் அளவு அட்டவணைக்காரரின் வசதிக்காக வைத்தது. நூறு கிராம் சோற்றை நாம் நாலைந்து வாயில் உண்டுவிடுவோம். நூறு கிராம் சீரகத்தை உண்ண ஒருவருக்கு எத்தனை நாள் ஆகும்?

தேக்கரண்டி அளவுக்கு வந்தால் அச்சம் தணியும். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் ஏறக்குறைய 3 கிராம், 9 கலோரி. மல்லி விதை 2 கிராமுக்கும் சற்றுக் குறைவு, 5 கலோரி. சீரகம் 8, மிளகுத்தூள் 6, சோம்பு 7. வெந்தயம் கனமான விதை ஆதலால் 12. இது முழுக் குடும்பத்துக்கும் வைக்கும் பாத்திரத்தில் போடுவது என்பதை மறக்கலாகாது; நம் தட்டுக்கு வருவது அதில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் தாளித்த மிளகாயையும் பட்டையையும் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறோம். ரசத்தில் தெளிவை இறுத்துக்கொண்டு மண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிடும் வீடுகள் எத்தனை!

அட்டவணையில் காணும் எண்கூட முழுவதும் நம் உடலில் சேர்வதில்லை. நூறு கிராம் மல்லி விதையில் 40 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. நம் சிறுகுடலால் நாரைச் செரிக்க இயலாது. பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியைப் புளிக்கவைத்து, கிராமுக்கு ஏறக்குறைய 2 கலோரி அளவே நமக்குத் தருகின்றன. நாரையும் மாவுச்சத்தோடு சேர்த்து 4-ஆல் பெருக்கும் அட்டவணை ஒரு விடை தரும். நாரைத் தனியே பிரிக்கும் அட்டவணை வேறு விடை தரும். ஒரே மல்லிக்கு இரண்டு நூல்களில் இரண்டு எண்கள் இருப்பது இதனால்தான்.

ஒவ்வொரு கறிக்கும் கரண்டி பிடித்து அளப்பதைவிட எளிய வழி ஒன்று நமக்குத் தோன்றுகிறது. அது மளிகைச் சீட்டு. மாதம் முழுவதும் வீட்டுக்கு வந்த பொருளெல்லாம் அதில் உண்டு. நாளையும் ஆளையும் கொண்டு வகுத்தால் தீர்ந்தது.

நால்வர் உள்ள குடும்பம் ஒன்று ஒரு மாதத்துக்கு வாங்குவது இது என்று வைத்துக்கொள்வோம்: மல்லி அரைக் கிலோ, காய்ந்த மிளகாய் கால் கிலோ, மஞ்சள், சீரகம், கடுகு ஒவ்வொன்றும் 100 கிராம், மிளகு, வெந்தயம், சோம்பு ஒவ்வொன்றும் 50 கிராம். ஆக மொத்தம் 1200 கிராம். நால்வர் 30 நாள் உண்டால் 120 பங்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் ஆகிறது. ஒவ்வொன்றின் கலோரியையும் அட்டவணைப்படி கூட்டினால் மொத்தம் 3900-க்குச் சற்று மேல் வருகிறது. 120-ஆல் வகுக்க, ஒருவருக்கு நாளொன்றுக்கு 33 கலோரி. இது பாதி இட்லியின் அளவு. அட்டவணை நாரை முழுதாகப் பெருக்கியிருந்தால், உண்மையில் இதனினும் குறைவு.

அதே சீட்டிலுள்ள மற்ற வரிகளையும் பார்ப்போம். எண்ணெய் 3 லிட்டர் என்றால் ஒருவருக்கு நாளைக்கு ஏறக்குறைய 207 கலோரி. சர்க்கரை 3 கிலோ என்றால் 97. துவரம்பருப்பு 3 கிலோவுக்கு 85. அரிசி 25 கிலோவுக்கு 729. மசாலாப் பொருட்கள் அனைத்தும் சேர்ந்து தரும் 33-ஐ இந்த எண்களின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோசைக்கல்லில் சுற்றி விடும் எண்ணெயில் ஒரு தேக்கரண்டி கூடினால் 40 கலோரி கூடும். அந்த நாள் முழுவதும் உண்ட மசாலாவைவிட அது அதிகம். சோறு ஒரு கரண்டி கூடக்குறைய விழுந்தாலும் அப்படியே. சோற்றைக் கண்ணால் மட்டிட்டு எழுதிவிட்டு, சீரகத்தைத் தராசில் நிறுப்பவர் கணக்கு எப்படிச் சரியாகும்?

மத்தேயு நற்செய்தியின் 23-ஆம் அதிகாரத்தை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். புதினாவிலும் சோம்பிலும் சீரகத்திலும் பத்தில் ஒரு பங்கை எண்ணிக் காணிக்கை செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை ஆண்டவர் கண்டிக்கும் பகுதி அது. அவர் பேசியது ஆன்மாவின் கணக்கைப் பற்றி. நாம் பேசுவது அடுப்படிக் கணக்கைப் பற்றி. ஆயினும் அக்காலத்திலும் மிகச் சிறிய பொருளுக்கு எடுத்துக்காட்டாகச் சீரகமே நினைவுக்கு வந்தது நமக்கு வியப்பாக இருக்கிறது.

ஆகவே தூளையும் தாளிப்பு விதைகளையும் எழுத வேண்டாம் என்பதே நம் கருத்து. விட்டுவிட மனம் ஒப்பாதவர்கள் நாளுக்கு 30 என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் படிக்கப் போகலாம். அமெரிக்காவில் பொட்டலங்களின் மேல் அச்சிடும் சத்து விவரத்தில், ஒரு வேளை அளவில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் அதைச் சுழி என்றே குறிக்கச் சட்டம் இடம் தருகிறது. கால் தேக்கரண்டியை ஒரு வேளை அளவாகக் கொண்ட மசாலாப் புட்டிகளில் சுழி என்று காண்பது இதனால்தான். கலோரியே இல்லை என்பது அதன் பொருள் அன்று. எண்ணும் அளவுக்கு இல்லை என்பதே பொருள்.

ஆனால் “மசாலா” என்னும் ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் நம் சமையலறையில் ஒளிந்திருக்கின்றன. இங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. தூள் மசாலா ஒன்று. அரைத்துவிட்ட மசாலா வேறு. குருமாவுக்கு அம்மா அரைக்கும் விழுதை நினைத்துப் பாருங்கள். அரை மூடித் தேங்காய், பத்து முந்திரி, ஒரு மேசைக்கரண்டி கசகசா, அதோடு பட்டை, கிராம்பு, சோம்பு, மிளகாய். அரை மூடித் தேங்காய்த் துருவல் 100 கிராம் என்றால் ஏறக்குறைய 350 முதல் 440 கலோரி. முந்திரி 85. கசகசா எண்ணெய் வித்து ஆதலால் 46. வதக்க மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் 360. நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 220 வாக்கில் வரும். இதில் உண்மையான வாசனைப் பொருட்களின் பங்கு 10-ஐச் சுற்றித்தான். “குருமா மசாலாதானே” என்று கணக்கில் சேர்க்காமல் விட்டால் மூன்று இட்லியை விட்டதற்குச் சமம்.

இட்லி மிளகாய்ப்பொடியும் அப்படியே. பெயரில் மிளகாய் முன்னால் நின்றாலும் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி உளுத்தம்பருப்பும் கடலைப்பருப்பும். சில வீடுகளில் எள்ளும் சேரும். ஒரு மேசைக்கரண்டிப் பொடி 35 முதல் 40 கலோரி. அதைக் குழைக்க ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினால் மேலும் 120. இரண்டும் சேர்ந்து இரண்டு இட்லியின் அளவைத் தாண்டிவிடும். பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, தேங்காய்ப்பொடி ஆகியவற்றை உணவாகவே கருதி எழுத வேண்டும். புளியையும் மறக்கலாகாது, எலுமிச்சை அளவுப் புளி 20 கிராம் என்றால் 50 கலோரி, ஆனால் அது பாத்திரம் முழுவதற்கும் உரியது. வத்தக்குழம்பில் மிதக்கும் நல்லெண்ணெயும், புளிக்காய்ச்சலில் சேர்க்கும் வெல்லமும் அதைவிடக் கவனிக்கத் தக்கவை.

கடையில் வாங்கும் பொட்டல மசாலாவில் சிலவற்றில் உப்பும், சர்க்கரையும், மாவும் கலந்திருக்கும். பொருட்பட்டியலை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிடுவது முறை. முதல் இரண்டு மூன்று பெயர்களில் உப்போ சர்க்கரையோ நின்றால் அந்தப் பொட்டலத்தை வாசனைப் பொருளாகக் கொள்ள முடியாது.

உப்பைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் உப்புச் சாடியில் கலோரி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ண வேண்டியது அதைத்தான். வயதுவந்தோர் நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவான அளவு அது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் இவற்றில் இருப்பதும் சேர்த்தே இந்த 5 கிராம். உப்பையும் எண்ணெயையும் குறைத்த உணவு நாவுக்கு ஏற வேண்டுமானால் மிளகும் சீரகமும் இஞ்சியும் பூண்டும் எலுமிச்சையும்தான் கைகொடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் தட்டிலிருந்து எண்ணெயோடு மசாலாவையும் பறித்துவிட்டால், அவர் ஒரு வாரம் பத்தியம் இருப்பார். எட்டாம் நாள் வடைக்கடை வாசலில் நிற்பார். கணக்கில் 30 கலோரி மிச்சப்படுத்தப் போய் முழுப் பத்தியமும் கெடும்.

மிளகாய் கொழுப்பை எரித்துவிடும், பட்டைத்தண்ணீர் குடித்தால் இளைக்கலாம் என்று விளம்பரங்கள் வருகின்றன. இது கணக்கின் மறுபக்கத்திலுள்ள ஏமாற்று. மிளகாயின் காரம் கேப்சைசின் என்னும் பொருளால் வருவது. சூட்டை உணரும் நரம்பு முனைகளை அது தூண்டுகிறது. நாக்கு வேகாமலேயே வெந்ததுபோல் துடிக்கிறோம். அந்த உணர்வு வாயிலைக் கேப்சைசினைக் கொண்டே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காரம் என்பது நரம்பு சொல்லும் செய்தி. உடலில் எரியும் கலோரி அன்று. கேப்சைசினால் உடல் செலவிடும் ஆற்றல் சிறிது கூடும் என்றாலும், உடல் இளைக்க அது போதாது. அதேபோல, நூறு கிராம் சீரகத்தில் 60 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு என்று படித்துவிட்டு, சீரகத் தண்ணீரால் இரத்தசோகை தீரும் என்று நம்புவதும் தவறு. ஒரு தேக்கரண்டியில் வருவது ஏறக்குறைய 1.4 மில்லிகிராம்; அதிலும் உடல் ஏற்பது சிறு பகுதியே. நம் வயதில் நாளொன்றுக்குத் தேவைப்படுவதோ 30 மில்லிகிராம் அளவு. சிறிய பொருளின் கலோரி சிறிதானால் அதன் சத்தும் சிறிதாகத்தானே இருக்கும்? கீரையையும் பயற்றையும் முட்டையையும் மீனையும் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் சீரகம் ஈடுசெய்யாது.

இங்கே தோழியருக்கு நேராகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையை எழுத முனைந்ததற்கே அதுதான் காரணம். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 2400 கலோரியும், 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு 2500 கலோரியும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் மதிப்பிட்டது. 1500 கலோரிச் சீட்டு மருத்துவர் அம்மாவுக்கு எழுதியது. மகளுக்கு எழுதியது அன்று. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. நம்மில் பெரும்பாலோர்க்குக் குறை என்பது தட்டில் உணவு போதாமை, மிகுதி அன்று.

கடுகையும் மிளகையும் எண்ணத் தொடங்கும் தோழி சிலவேளை கணக்கு ஆர்வத்தால் எண்ணுவதில்லை, அச்சத்தால் எண்ணுகிறாள். மதிய உணவுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவது, மற்றவர்முன் உண்ண மறுப்பது, எழுதாத ஒரு வாய் உண்டதற்காக அழுவது, மாதவிலக்கு நின்றுபோவது, மாடிப்படி ஏறும்போதே தலை சுற்றுவது ஆகியவற்றைக் கண்டால் அது நோயின் அறிகுறி. கேலி செய்யாமல் அவளோடு அமர்ந்து உண்போம். அவள் தாயிடமோ, வகுப்பாசிரியையிடமோ, விடுதிச் சிஸ்டரிடமோ சொல்வோம். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. தவக்காலத்தை இதற்குத் திரையாகக் கொள்வாரும் உண்டு. ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்த பின்புதான் தொடங்குகிறது. 14 வயது நிறைந்தோர்க்கு உரியது இறைச்சி விலக்கும் சுத்தபோசனம். பள்ளிச் சிறுமி பட்டினி கிடக்கத் திருச்சபை கேட்கவில்லை.

மருத்துவர் சொற்படி கணக்கு எழுதியே ஆக வேண்டிய வீடுகளுக்குச் செய்முறையைச் சொல்லி முடிக்கிறோம். எண்ணெய் டப்பாவைத் திறக்கும் நாளில் அதன்மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள். தீரும் நாளில் எத்தனை நாள் வந்தது என்று பார்த்து, வீட்டில் உண்டவர் தொகையால் வகுங்கள். சர்க்கரைக்கும் அப்படியே. தேங்காயை மூடிக் கணக்கில் எழுதினால் போதும். சோற்றுக்கு ஒரே கிண்ணத்தை நாள்தோறும் வைத்துக்கொள்ளுங்கள். வெந்தயம் ஊறவைத்து உண்ணும் அம்மாமார் அதற்கு 12 கலோரி எழுதலாம், எழுதாமலும் விடலாம். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். அஞ்சறைப்பெட்டிக்கு நோட்டில் இடம் ஒதுக்கத் தேவையில்லை. அதை மூடி அடுப்புப் பக்கத்திலேயே வைத்துவிடலாம்.